நிரூபித்தேன் என்றால் எதை? ஃபார்மல் மெத்தட்ஸ் ஸ்காலர்களுக்கு அக்காவின் டிப்ஸ்

கம்ப்யூட்டர் சயின்ஸில் பிஎச்டி என்றால் நம் விருதுநகர் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் மெஷின் லேர்னிங், இமேஜ் ப்ராசஸிங், நெட்வொர்க் என்று போய்விடுகிறார்கள். நீ ஃபார்மல் மெத்தட்ஸ் எடுத்திருக்கிறாய். ஒரு புரோகிராமோ சர்க்யூட்டோ புரோட்டோகாலோ இந்தத் தப்பை ஒருநாளும் செய்யாது என்று கணக்குப் போட்டு நிரூபிக்கிற துறை. சந்தோஷம். ஆனால் டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கில் நீ பேச ஆரம்பித்த பத்தாவது நிமிஷமே எதிரில் இருப்பவர்கள் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். "அவங்களுக்குப் புரியல, நான் என்ன பண்ண" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. புரியவைப்பது உன் வேலை.

எத்தனையோ டிசி, சினாப்சிஸ், வைவாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான். நிரூபணத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார்கள். எதை நிரூபித்தோம், எந்த நிபந்தனையின் மேல் நிரூபித்தோம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கீழே இருப்பதில் மற்றதெல்லாம் மறந்தாலும் அதை மறக்காதே. நேரமில்லை என்றால் 2, 3, 5, 10 நாலையும் படித்துவிட்டுப் போ, மற்றதை பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம்.

1. எதிரில் யார் உட்காருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வை.

சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் ஆகட்டும், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் ஆகட்டும், இரண்டும் 1984-ல் தொடங்கியவை. நல்ல படிப்பாளிகள் இருக்கிற இடங்கள். ஆனால் எந்த ஊர்க் கல்லூரியானாலும் உன் கமிட்டியில் எல்லாரும் உன் துறைக்காரர்களாக இருக்கமாட்டார்கள். டெம்போரல் லாஜிக்கை எப்போதோ ஒரு செமஸ்டரில் படித்திருப்பார், அதோடு சரி. வைவா என்றால் இன்னும் கலவையான கூட்டம். அது பொதுவில் நடப்பது. ஜூனியர் பிள்ளைகள் வருவார்கள், உன் அப்பா அம்மாவும் முன்வரிசையில் உட்காருவார்கள். ஆகவே முதல் ஐந்து நிமிஷம் எல்லாருக்கும் பேசு. நடுப்பகுதியைக் கமிட்டிக்குப் பேசு. துறைக்காரருக்கு மட்டும் புரிகிற சங்கதியைக் கடைசிக்குத் தள்ளு. இந்த வரிசையை மாற்றினால் எல்லாரையும் ஒரே அடியாக இழப்பாய்.

2. ஐந்து நிமிஷத்துக்குள் உன் வாக்கியத்தைச் சொல்.

உன் நாலு வருஷ வேலை ஒரே வாக்கியத்தில் அடங்கவேண்டும். "இன்னின்ன நிபந்தனை இருக்கும்வரை, இந்த சிஸ்டத்தில் இன்னது ஒருபோதும் நடக்காது." அவ்வளவுதான் அதன் உருவம். அல்லது, "கேட்டவருக்கு என்றைக்காவது பதில் வந்தே தீரும்." முதலாவது சேஃப்டி, இரண்டாவது லைவ்னஸ். உன்னுடையது இதில் எது என்று உனக்கே தெளிவில்லை என்றால் ஸ்லைடு போட உட்காராதே, கைடிடம் போய் உட்கார்.

ஒரு சுருக்குவழி சொல்கிறேன். அந்த வாக்கியத்தை ஸ்லைடில் போடுவதோடு நிறுத்தாமல் பக்கத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவிடு. ஸ்லைடு மாறும், போர்டு மாறாது. நடுவில் கவனம் சிதறியவர் திரும்பிப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். நீ வழி தவறினாலும் அதைப் பார்த்துத் திரும்பலாம். செலவில்லாத வேலை, ஆனால் பத்தில் ஒருவர்கூடச் செய்வதில்லை.

3. உதாரணம் ஒன்றே ஒன்று, அதுவும் நம் ஊர் உதாரணம்.

டைனிங் ஃபிலாசஃபர்ஸ், டிராஃபிக் லைட், காபி மெஷின். இதையே எல்லாரும் போடுகிறார்கள், கமிட்டிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நீ சிவகாசிக்காரி. பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான் என்று உரிமத்திலேயே வரையறை உண்டு. அது தெரியாத ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது. அந்த அறையை எடு.

ஒரு அறைக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள். கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். இரண்டிலும் சென்சார். ஆள் வந்தால் சென்சார் கணக்கைப் படிக்கும், நாலுக்குக் கீழே இருந்தால் உள்ளே விட்டுவிட்டுப் படித்த எண்ணோடு ஒன்று கூட்டி எழுதும். கேட்க எந்தக் குறையும் தெரியாது. இப்போது இந்த ஐந்து வரியை ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவா:

• அறையில் 3 பேர். கணக்கிலும் 3.
• கிழக்கு வாசல் படிக்கிறது: 3.
• அதே சமயம் மேற்கு வாசல் படிக்கிறது: 3.
• கிழக்கு ஒருவரை விடுகிறது, 4 என்று எழுதுகிறது.
• மேற்கு இன்னொருவரை விடுகிறது, அதுவும் 4 என்றே எழுதுகிறது.

கணக்கில் 4, உள்ளே 5 பேர். இங்கே வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் நில். கூட்டம் தானாகவே புரிந்துகொள்ளும். இதற்குப் பெயர் கவுண்டர் எக்ஸாம்பிள், இதைத் தேடிக் கண்டுபிடிப்பது மாடல் செக்கர் என்று அப்புறம் சொன்னால் போதும். படிப்பதும் ஆளை விடுவதும் எழுதுவதும், நடுவில் மற்ற வாசல் குறுக்கிட முடியாத ஒரே செயலாக இருந்தால் தப்பு தீர்ந்துவிடும் என்று திருத்தத்தையும் காட்டு. "கணக்கும் உள்ளே இருக்கும் ஆள் எண்ணிக்கையும் எப்போதும் சமம், நாலைத் தாண்டாது" என்பதுதான் இன்வேரியண்ட். தொடக்கத்தில் அது உண்மை, ஒவ்வொரு செயலுக்குப் பின்பும் உண்மையாகவே இருக்கிறது என்று காட்டினால் நிரூபணம் முடிந்தது.

ஸ்டேட், டிரான்சிஷன், இன்டர்லீவிங், கவுண்டர் எக்ஸாம்பிள், இன்வேரியண்ட் என்று ஐந்து சமாச்சாரமும் ஒரே அறைக்குள் அடங்கிவிட்டது பார். பேச்சு முழுக்க இந்த அறையை விட்டு வெளியே போகாதே. உன் நிஜ ஆராய்ச்சி மல்டிகோர் கேஷ் பற்றியதாக இருந்தாலும் சரி, பிளாக்செயின் கான்ட்ராக்ட் பற்றியதாக இருந்தாலும் சரி, புது யோசனை வரும்போதெல்லாம் முதலில் இந்த அறையில் காட்டிவிட்டு அப்புறம் பெரிய சிஸ்டத்துக்குப் போ. ஆறாவது ஸ்லைடில் வேறு உதாரணத்துக்குத் தாவினாயானால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

4. விபத்துப் படத்தைப் போடாதே.

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்த ஊர் மறக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ நடந்திருக்கிறது. நீ பேசுகிற ஹாலில் யார் வீட்டில் யாரை இழந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. "மோட்டிவேஷன்" என்று தலைப்புப் போட்டு எரிந்த அறையின் படத்தை ஒட்டுவது மனசாட்சிக்கு ஒவ்வாத வேலை.

விஷயமாகவும் அது தப்பு. உராய்வு, வெயில் சூடு, மருந்தில் கலந்த ஈரம், நிலைமின்சாரம், அளவுக்கு மீறிக் குவித்த சரக்கு என்று வெடிவிபத்துக்குக் காரணங்கள் பல. வாசல் கணக்குச் சரியாகிவிட்டால் விபத்து நிற்கும் என்று உன் நிரூபணம் சொல்லவில்லை. ஆகவே நீயும் சொல்லாதே. அறை உதாரணத்தைச் சொல்லும்போதே, "இது ஆள் எண்ணிக்கை ஒன்றைப் பற்றி மட்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடு. அந்த ஒரு வரியிலேயே உன் மேல் மரியாதை வரும்.

5. நிபந்தனைகளுக்கு முழுசாக ஒரு ஸ்லைடு.

நான் இந்த டிப்ஸை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நிதானமாகப் படி.

நீதம்–ஷ்ரோடர் புரோட்டோகால் 1978-ல் வந்தது. நெட்வொர்க்கில் இரண்டு பேர் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதற்கான வழி. 1989-ல் பரோஸ், அபாடி, நீதம் மூவரும் தங்கள் லாஜிக்கில் அதை ஆராய்ந்தார்கள். இந்தக் குறை அதில் அகப்படவில்லை. 1995-ல் கேவின் லோ ஓட்டையைக் காட்டினார். 17 வருஷம் யார் கண்ணிலும் படாத ஓட்டை. லாஜிக்கில் போட்ட கணக்கு தப்பில்லை. பேசுகிற இரண்டு பேரும் யோக்கியர்கள் என்று முதலிலேயே எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருக்கிற ஒருவனே திருடன் என்றால் அது நிற்கவில்லை. இரண்டாவது செய்தியில் பதில் அனுப்புகிறவர் பெயரைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. பெயர் ஒன்றைச் சேர்ப்பதுதான் திருத்தம். நிபந்தனையை யாரும் உரக்கச் சொல்லாததால் அதற்கு அத்தனை வருஷம் ஆயிற்று.

இப்போது சரியாகச் செய்தவர்களைப் பார். ஆஸ்திரேலியாவில் கெர்வின் கிளைன் குழுவினர் 2009-ல் எஸ்இஎல்4 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் கெர்னலை நிரூபித்தார்கள். சுமார் 8,700 வரி சி நிரல். அதற்கு சுமார் 2 லட்சம் வரி நிரூபணம். அத்தனை உழைத்தவர்கள் அதே கட்டுரையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? கம்பைலர் சரி என்று நம்புகிறோம், அசெம்பிளி நிரல் சரி என்று நம்புகிறோம், ஹார்டுவேர் சரி என்று நம்புகிறோம், அதையெல்லாம் நாங்கள் நிரூபிக்கவில்லை என்று வரிசையாகப் போட்டார்கள். அதனால் அவர்கள் மதிப்பு குறைந்ததா? இன்றைக்கும் துறையில் முதல் வரிசையில் சொல்லப்படுகிற வேலை அது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உனக்குக் கேள்வி நேரத்தில் கைகொடுக்கும். 2011-ல் சிஸ்மித் என்ற கருவியை வைத்து சி கம்பைலர்களை அடி அடி என்று அடித்துச் சோதித்தார்கள். ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டிலும் பிழைகள் கொட்டின. நிரூபிக்கப்பட்ட காம்ப்சர்ட் கம்பைலரிலும் சில பிழைகள் அகப்பட்டன, ஆனால் அவை நிரூபிக்காமல் விட்டிருந்த பகுதியில். நிரூபித்த பகுதியில் தப்பான நிரலை உண்டாக்குகிற பிழை ஒன்றும் அகப்படவில்லை. எது வரை நிரூபித்தோம் என்று கோடு போட்டு வைத்திருந்ததால்தான் இப்படிப் பிரித்துச் சொல்ல முடிந்தது.

ஆகவே உன் ஸ்லைடில் இரண்டு பத்தி போடு. இடப்பக்கம் "நிரூபித்தது", வலப்பக்கம் "நம்பியது". வலப்பக்கம் நீளமாக இருக்கிறதே என்று கூச்சப்படாதே. வலப்பக்கமே இல்லாத ஸ்லைடைப் பார்த்தால்தான் விஷயம் தெரிந்த எக்ஸாமினருக்குச் சந்தேகம் வரும்.

6. முதல் ஸ்லைடில் ஏரியான் ராக்கெட் வேண்டாம்.

1996 ஜூன் 4, ஏரியான் 5 கிளம்பி 40 விநாடிக்குள் சிதறியது. எல்லாரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். "சாஃப்ட்வேர் பிழையால் ராக்கெட் வெடித்தது" என்று ஒரு வரி, உடனே "ஆகவே ஃபார்மல் மெத்தட்ஸ் தேவை." அரைகுறைக் கதை. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கப் பார்த்தது பிழை என்பது சரி. ஏன் யாரும் தடுக்கவில்லை? அந்த நிரல் ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்து வைத்தது. பழைய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த எண் 16 பிட்டைத் தாண்டவே தாண்டாது. புது ராக்கெட் வேறு பாதையில், அதிக வேகத்தில் போனது, தாண்டிவிட்டது. முந்தின டிப்ஸில் சொன்ன நிபந்தனைக் கதையேதான். போட்டே தீருவேன் என்றால் ஐந்தாவது டிப்ஸில் சொன்ன நிபந்தனை ஸ்லைடின் பக்கத்தில், இந்த விளக்கத்தோடு போடு. ஆரம்பத்தில் படம் காட்டுவதற்கு மட்டும் வேண்டாம்.

7. குறியீட்டை அளந்து போடு.

• ஒரு பேச்சுக்கு ஐந்து புதுக் குறியீடு போதும். ஆறாவது வந்தால் அதற்குப் பதில் வார்த்தை போடு.
• ஒரு ஸ்லைடில் ஒரே ஒரு விதி. பதினாறு இன்ஃபரன்ஸ் ரூலையும் ஒரே ஸ்லைடில் அடைத்து "இதெல்லாம் ஸ்டாண்டர்ட்" என்று தாண்டினால் ஏமாற்றுகிறாய் என்றுதான் தோன்றும்.
• ஆட்டோமேட்டான் படத்தில் ஐந்தாறு வட்டத்துக்கு மேல் வேண்டாம். உன் கருவி வரைந்து தந்த நூறு வட்டச் சிக்கலைப் போட்டு "காம்ப்ளெக்ஸ்" என்று காட்டாதே.
• தேற்றத்தை எழுதியபடி வாசிக்காதே. எழுதியிருப்பது கண்ணுக்கு. அதன் பொருளை வாயால் சொல்.

8. பெரிய எண்ணை உணர வை.

ஸ்டேட் எக்ஸ்ப்ளோஷன் என்று பெயர் சொன்னால் யாருக்கும் உறைக்காது. எண்ணைப் போடு. ஆம்-இல்லை என்ற இரண்டு நிலை உள்ள சுவிட்ச் 10 இருந்தால் 1,024 நிலைகள். 20 இருந்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். 30 இருந்தால் 107 கோடிக்கு மேல். இவ்வளவு சொன்னால் போதும். 1-க்குப் பின்னால் 20 சைபர் போட்ட அளவு நிலைகளைச் சோதித்தோம் என்று 1990-ல் பர்ச், கிளார்க், மெக்மில்லன் குழு தலைப்பிலேயே எழுதியது ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்று அப்போது விளங்கும். கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் மாடல் செக்கிங்குக்காக 2007-ன் டியூரிங் விருது ஏன் என்பதும் விளங்கும்.

உன் கருவி கண்டுபிடித்த பிழையைக் காட்டும்போதும் அளவு பார். அமேசான்காரர்கள் 2015-ல் டிஎல்ஏ பிளஸ் அனுபவத்தை எழுதினார்கள். டைனமோடிபியில் அகப்பட்ட ஒரு பிழைக்கு மிகச் சிறிய தடமே 35 படி. மனுஷன் உட்கார்ந்து யோசித்துப் பிடிக்கவே முடியாத பிழை. ஆனால் அந்த 35 படியை மேடையில் ஓட்ட முடியாது. உன் பிழையும் அப்படி நீளமானால் "மொத்தம் இத்தனை படி" என்று எண்ணைச் சொல்லிவிட்டு முக்கியமான நாலைந்தை மட்டும் காட்டு.

9. லைவ் டெமோ கூடவே கூடாது.

கருவி மேடையில் ஓடாது. ஓடினால் முடியாது. முடிந்தால் கரன்ட் போகும். முந்தின நாளே ஓட்டி வீடியோவாகப் பிடித்து இரண்டு நிமிஷத்துக்குச் சுருக்கி வை. நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு மெமரி எடுத்தது, எந்த வெர்ஷன் என்பதை வீடியோ ஓரத்திலேயே எழுதிவிடு.

10. இந்தக் கேள்விகள் வந்தே தீரும். பதிலை இப்போதே எழுதி வை.

• "அக்யூரசி எத்தனை பர்சன்ட்?" மெஷின் லேர்னிங் பக்கத்திலிருந்து வருகிற நியாயமான கேள்வி. சிரித்துத் தொலைக்காதே. நெளியவும் நெளியாதே. "இங்கே பர்சன்ட் கிடையாது சார். மூன்று பதில்தான்: பிழை இல்லை, பிழை இருக்கிறது இதோ தடம், அல்லது கொடுத்த நேரத்துக்குள் முடியவில்லை" என்று சொல். 100 கேள்வியில் எத்தனை முடிந்தது, எத்தனை டைம் அவுட் என்ற அட்டவணையைத் தயாராக வைத்திரு. அதுதான் அவர் கேட்க நினைத்தது.

• "டேட்டாசெட் எது?" பெஞ்ச்மார்க் எது என்று கேட்கிறார். 2012-லிருந்து நடக்கிற எஸ்வி-காம்ப் போட்டித் தொகுப்பிலிருந்து எடுத்தாயா, நீயே உண்டாக்கினாயா என்று உள்ளதைச் சொல். நீயே உண்டாக்கியது மட்டும்தான் என்றால் வைவா வரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே வெளித் தொகுப்பு ஒன்றையும் சேர்.

• "டெஸ்டிங் பண்ணினாலே போதுமே?" டெஸ்டிங்கைத் திட்டி பதில் சொல்லாதே, எதிரே இருப்பவர் டெஸ்டிங்கில் பிஎச்டி வாங்கியவராக இருக்கலாம். 1994 இன்டெல் பென்டியம் கதையைச் சொல். வகுத்தல் அட்டவணையில் சில இடங்கள் காலியாக விட்டுப்போய், சில்லு கடைக்கு வந்தபின் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். இன்டெலுக்கு 47.5 கோடி டாலர் செலவு. சோதித்துத்தான் விற்றார்கள், சோதித்த எண்களில் அந்தப் பிழை படவில்லை. "இரண்டும் வேண்டும் சார், எந்த இடத்துக்கு எது என்பதுதான் கேள்வி" என்று முடி.

• "இதெல்லாம் நிஜத்தில் எங்கே இருக்கிறது?" ரயிலைச் சொல். பாரிஸ் மெட்ரோவில் 1998-ல் திறந்த 14-வது பாதையில் டிரைவர் கிடையாது. அதன் பாதுகாப்பு மென்பொருள் பி-மெத்தடில் எழுதி நிரூபித்தது. நம் ரயில்வேயின் கவச் சாதனம் சில்-4 என்ற உச்சப் பாதுகாப்பு நிலைக்கானது. ரயில்வே மென்பொருளுக்கான ஈஎன் 50128 தரம் அந்த நிலைக்கு ஃபார்மல் மெத்தட்ஸை வலுவாகப் பரிந்துரைக்கிறது. கவச்சை ஃபார்மல் மெத்தட்ஸில்தான் செய்தார்கள் என்று ஒரேயடியாக நீட்டிவிடாதே. தரம் என்ன சொல்கிறதோ அதை மட்டும் சொல்.

• "மாடல் சரி என்று எப்படித் தெரியும்?" எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி இதுதான், நல்ல எக்ஸாமினர் இதைத்தான் கேட்பார். ஐந்தாவது டிப்ஸின் வலப்பக்கப் பத்திக்குத் திரும்பிப் போ. மாடலை நிஜ நிரலோடு எப்படி ஒப்பிட்டாய், வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி உன் கருவி பிடிக்கிறதா என்று பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் இன்றைக்கு ராத்திரியே பார். நிபந்தனைகளே ஒன்றோடொன்று முரண்பட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம், கருவி பச்சை விளக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பச்சையை நம்பி வைவாவுக்குப் போகாதே.

தெரியாத கேள்வி வந்தால், "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல். இந்தத் துறையில் ஊகத்தை உறுதியாகச் சொன்னால் மற்ற துறைகளைவிட இரண்டு மடங்கு அடி விழும்.

11. ஸ்லைடு சமாச்சாரம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

• 20 நிமிஷத்துக்கு 15 ஸ்லைடு. மீதியை நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் ஒளித்து வை, கேள்வி வந்தால் எடு.
• பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போ. வேறு லேப்டாப்பில் திறந்தால் குறியீடெல்லாம் கட்டம் கட்டமாக வரும்.
• சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று நிறத்தை மட்டும் நம்பாதே. பகல் வெயில் வருகிற செமினார் ஹாலில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஒன்றைப் புள்ளிக் கோடாக்கு.
• ஸ்லைடு எண் போடு. "அந்தப் படத்துக்குப் போங்க" என்றால் எந்தப் படம்?
• பென் டிரைவ் ஒன்று, மெயிலில் ஒன்று.

12. முதல் ஒத்திகை தமிழில்.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இங்கிலீஷ் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். நடுவில் ஒருவர் கேள்வி கேட்டால் வாக்கியம் அறுந்துவிடுகிறது, அதோடு விஷயமும் அறுந்துவிடுகிறது. முதலில் தமிழில் ஒரு முறை முழுசாகச் சொல், ஸ்லைடு இல்லாமல். தங்கச்சியிடமோ, மாமாவிடமோ, வேறு டிபார்ட்மென்ட் தோழியிடமோ சொல். அறை, இரண்டு வாசல், நாலு பேர் கதையை அவர்கள் திருப்பிச் சொல்லிவிட்டால் உனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அப்புறம் இங்கிலீஷுக்கு மாற்று. இங்கிலீஷ் தடுமாறினாலும் அப்போது விஷயம் தடுமாறாது.

இது சின்னப்பிள்ளை வேலை என்று நினைக்காதே. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் லாஜிக்கில் பெரிய ஆராய்ச்சி செய்த ஆர். ராமானுஜம்தான் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிற வேலையிலும் இத்தனை காலம் நின்றவர். அவரும் எஸ். பி. சுரேஷும் செக்யூரிட்டி புரோட்டோகால்களில் செய்த வேலை இருக்கிறது. மேலே சொன்ன நீதம்–ஷ்ரோடர் பக்கம் உன் தலைப்பு போனால் தேடிப் படி.

13. வெளியே போ, பேசு.

நம் மாவட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் உன் பேச்சைக் குறை சொல்ல ஆள் கிடைக்காது. சென்னையிலேயே இரண்டு இடம் இருக்கிறது. 1962-ல் தொடங்கிய தரமணி நிறுவனம் ஒன்று, 1989-ல் தொடங்கி இப்போது சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் நிறுவனம் இன்னொன்று. மாதவன் முகுந்த், பி. ஸ்ரீவத்சன் போன்றவர்கள் இருக்கிற இடம் அது. எஃப்எஸ்டிடிசிஎஸ் மாநாடு 1981-லிருந்து வருஷா வருஷம் இந்தியாவில் நடக்கிறது. கட்டுரை ஏற்கப்படவில்லை என்றாலும் ஒருமுறை போய் மூன்று நாள் உட்கார்ந்து கேள். எவ்வளவு பெரிய ஆட்களும் முதல் ஐந்து நிமிஷம் எவ்வளவு எளிமையாகப் பேசுகிறார்கள் என்று கவனி.

போகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். பொதிகை எக்ஸ்பிரஸில் போனால் சிறுசேரிக்கு எழும்பூர் வரைக்கும் போகாதே, தாம்பரத்திலேயே இறங்கு. ராத்திரி முழுக்க ரயிலில் வந்துவிட்டு அன்றைக்குக் காலையிலேயே பேசுகிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. முந்தின நாளே போய்ச் சேர். தூக்கமில்லாத மூளைக்கு முதலில் மறப்பது நிபந்தனைகள்தான்.

கடைசியாக ஒரு வேலை. டிசி ஆகட்டும், வைவா ஆகட்டும், முடிந்த அன்று ராத்திரியே உன்னிடம் கேட்ட கேள்விகளை எல்லாம், நீ சொன்ன பதிலோடும் சொல்லியிருக்கவேண்டிய பதிலோடும் எழுதி வை. மறுநாள் பாதி மறந்துவிடும். உன் கல்லூரியில் உனக்கு அடுத்து இந்தத் துறையை எடுக்கிற பிள்ளைக்கு அந்தத் தாளையும் உன் ஸ்லைடையும் கொடுத்துவிட்டுப் போ. நம் பக்கத்தில் ஃபார்மல் மெத்தட்ஸ் எடுக்கிறவர்கள் கொஞ்சம் பேர். கேட்டுத் தெரிந்துகொள்ள சீனியர் கிடைப்பதே அபூர்வம். உனக்குக் கிடைக்காததை நீ கொடு தங்கச்சி.